முத்தத்துக்கு ஒரு பானை சூப்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன், காதல் கதை என்று நினைத்து எடுக்காதீர்கள் என்று. அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க அந்த நாவல்தான். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறோம், இன்னும் படிக்காதவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

கேள்வி: ‘செம லவ் ஸ்டோரி’ என்று தோழி கொடுத்ததால் செமஸ்டர் லீவில் மூன்று பாகங்களையும் படித்தேன். கடுப்பாகிவிட்டது. காட்னிஸ் பீட்டாவைக் காதலிக்கவே இல்லை. கேமராவுக்காக முத்தம் கொடுக்கிறாள், உடனே சாப்பாடு வருகிறது. உயிர் பிழைத்து ஊர் திரும்பும் வழியில் ‘எல்லாம் விளையாட்டுக்காகத்தானா’ என்று அவன் கேட்கும்போது ஒழுங்காக ஒரு பதில்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறாள். மூன்றாம் பாகத்தின் கடைசியில் பார்த்தால் திடீரென்று சேர்ந்து வாழ்கிறார்கள், இரண்டு குழந்தைகள் வேறு! இது காதல் கதையா, காதல் கதை மாதிரி காட்டி ஏமாற்றுகிற கதையா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் அது காட்னிஸ் மேல் வருவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்காலத்தில், வட அமெரிக்கா இருந்த இடத்தில் பனெம் என்றொரு நாடு. நடுவில் கேப்பிட்டல் என்ற பணக்காரத் தலைநகரம், சுற்றிலும் அதற்கு உழைத்துக் கொட்டும் 12 மாவட்டங்கள். எப்போதோ நடந்த கிளர்ச்சிக்குத் தண்டனையாக ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். 24 பேரும் ஒருவரையொருவர் கொன்று கடைசியில் ஒருவர் மிஞ்சும்வரை நேரடி ஒளிபரப்பு. பார்க்காமல் இருக்க முடியாது, கட்டாயம். காட்னிஸ் 12ஆவது மாவட்டத்துக்காரி, நிலக்கரிச் சுரங்கப் பகுதி. 11 வயதில் சுரங்க வெடிப்பில் அப்பாவை இழந்தவள், அம்மா நிலைகுலைந்து போக, திருட்டுத்தனமாக வேட்டையாடி வீட்டைக் காப்பாற்றுகிறவள். குலுக்கலில் தங்கை பிரிம்மின் பெயர் வருகிறது. அவளுக்குப் பதிலாகத் தானே போகிறேன் என்கிறாள். கூடப் போகிற பையன்தான் பீட்டா, ரொட்டிக்கடைக்காரர் மகன்.

இப்போது அந்தக் காதல் எப்படித் தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். விளையாட்டுக்கு முந்தைய நாள் டிவி பேட்டி. உனக்கு யாரையாவது பிடிக்குமா என்று பீட்டாவிடம் கேட்கிறார்கள். பிடிக்கும், ஆனால் ஜெயித்துத் திரும்பினாலும் பயனில்லை, அவளும் என்னோடு இங்கே வந்திருக்கிறாள் என்கிறான். நாடு முழுக்க அதைக் கேட்கும் அதே நொடியில்தான் காட்னிஸும் கேட்கிறாள்! ஒருவன் தன்னை விரும்புகிறான் என்ற செய்தி அவளுக்கு நேரலையில் வருகிறது, அதுவும் 24இல் ஒருவர்தான் பிழைக்கலாம் என்ற இடத்தில். அவள் அவனைப் பிடித்துத் தள்ளிவிடுகிறாள், அவன் கை கிழிந்து ரத்தம் வருகிறது. அவர்களுடைய வழிகாட்டி ஹேமிட்ச், அந்தக் குடிகார மனிதர், என்ன சொல்கிறார்? உன்னை எல்லாரும் விரும்புகிற பெண்ணாக்கிவிட்டான் பையன், இனி ஸ்பான்சர்கள் (களத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் அனுப்பப் பணம் கொடுக்கிறவர்கள்) வருவார்கள், சண்டை போடாதே என்கிறார். அவளைப் பொறுத்தவரை அந்தக் காதல் முதலில் ஒரு விளம்பரம். அதை அவன் உண்மையாகத்தான் சொன்னான் என்பது அவளுக்குத் தெரிய ரொம்ப நாள் ஆகிறது.

அப்புறம் குகை. ஆட்டத்தின் நடுவில் விதி மாறுகிறது, ஒரே மாவட்டத்து இருவர் சேர்ந்தே பிழைக்கலாம் என்கிறார்கள், அவள் பீட்டாவைத் தேடிப் போகிறாள். பீட்டா காலில் காயம்பட்டுக் காய்ச்சலில் கிடக்கிறான். அவள் அவனுக்கு ஒரு முத்தம் கொடுக்கிறாள், வெளியே வெள்ளிப் பாராசூட்டில் ஒரு பானை சூப் வந்து இறங்குகிறது. ஹேமிட்ச் ஒரு வார்த்தை எழுதி அனுப்பவில்லை, ஆனால் அவளுக்குக் கணக்கு புரிந்துவிடுகிறது: ஒரு முத்தத்துக்கு ஒரு பானை. பசியில் வளர்ந்தவளுக்கு இந்த மாதிரிக் கணக்கு புதிதில்லை. அவள் ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு அரைவயிற்றுக்குக் காணும் தானியமும் எண்ணெயும் வேண்டுமானால், பிள்ளைகள் குலுக்கல் பாத்திரத்தில் தங்கள் பெயரை இன்னொரு முறை எழுதிப்போட வேண்டும், அதுவும் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது, அவள் நண்பன் கேலின் பெயர் 42இல். சாவதற்கான வாய்ப்பை விற்றுச் சோறு வாங்கியவளிடம் இப்போது முத்தத்தை விற்றுச் சோறு வாங்கு என்கிறார்கள். அவள் வாங்குகிறாள். அதை நடிப்பு என்று நாம் குறை சொல்வதா?

நடுவில் ஒரே ஒரு முத்தம் மட்டும் அவளுக்கே என்னவோ செய்கிறது, இன்னொன்று வேண்டும் என்று தோன்றுகிறது. கவனித்தீர்களா? ஆனால் அதைத் தொடர்ந்து யோசிக்க அவளுக்கு இடமே இல்லை. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, அவன் வேறு சாகக் கிடக்கிறான். தனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறதா என்று ஒரு பெண் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் தனிமையாவது வேண்டாமா? பிடிக்கவில்லை என்று சொன்னால் பிழைக்க முடியாது என்ற நிலையில் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு என்ன மதிப்பு? உங்களுக்கு வந்த அதே சந்தேகம், நடிப்பா நிஜமா என்பது, காட்னிஸுக்கே தன்னைப் பற்றி இருக்கிறது. ‘ஒழுங்காக ஒரு பதில்’ அவளிடம் இல்லாததால்தான் அவள் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் முத்தமிட வேண்டும் என்று கேப்பிட்டலில் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் எவ்வளவு ஆசைப்பட்டார்களோ அதே அளவு நீங்களும் ஆசைப்பட்டிருப்பீர்கள். நானும்தான். ஒரு வீட்டுக்குள் பூட்டி வைத்த மனிதர்களைத் தினமும் டிவியில் பார்த்துவிட்டு, இவர்களுக்குள் ‘ட்ராக்’ நிஜமா கன்டென்டா என்று ஆபீஸில் வாக்குவாதம் செய்கிற நமக்கு அந்த சோபா ஒன்றும் தூரத்தில் இல்லை. நம்மையும் அறியாமல் நம்மை அங்கே உட்கார வைத்துவிடுவதுதான் காலின்ஸின் கெட்டிக்காரத்தனம். காதலை எடுத்துவிட்டால் இந்தக் கதை வெறும் கொலைப் பந்தயம்தான்.

சரி, முடிவுக்கு வருகிறேன். அது திடீரென்று வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, காட்டில் கேலிடம், எனக்குப் பிள்ளைகளே வேண்டாம் என்கிறாள். குலுக்கல் இருக்கிற நாட்டில் யார் பெற்றுக்கொள்வார்கள்? குலுக்கல் ஒழிந்த பிறகும் அவள் சம்மதிக்க 15 வருஷம் ஆகிறது, சம்மதித்த பிறகும் பயம் போகவில்லை. அதற்கு முன்னால் மூன்றாம் பாகத்தில் நீங்கள் வேகமாகத் தாண்டியிருக்கக்கூடிய ஒரு இடம். கேப்பிட்டல் பீட்டாவைப் பிடித்து வைத்துக் குளவி விஷம் ஏற்றி அவன் நினைவுகளையே கெடுத்து, காட்னிஸைப் பார்த்தாலே கொல்லத் தோன்றும்படி செய்துவிடுகிறது. மீண்டு வந்தவன் தன் நினைவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது நிஜமா, நிஜமில்லையா என்று மற்றவர்களிடம் கேட்கிறான். ஒரு ராத்திரி காட்னிஸ் அவனுக்குச் சொல்கிறாள்: நீ ஓவியன், நீ ரொட்டி சுடுகிறவன், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குவாய், டீயில் சர்க்கரை போட மாட்டாய், ஷூ கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவாய். இதையெல்லாம் எப்போது கவனித்தாள்? எந்தக் கேமராவுக்காகவும் கவனிக்கவில்லை, டீயில் சர்க்கரை போடாத செய்தியைச் சொல்லி எந்த ஸ்பான்சரிடமும் எதுவும் வாங்க முடியாது. மூன்று பாகங்களிலும் எனக்குப் பிடித்த காதல் காட்சி அதுதான், முத்தமே கிடையாது.

ஆனால் ஒன்று, கடைசிப் பக்கங்களில் அவசரம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேரும் மெல்ல மெல்ல மறுபடி நெருங்கினார்கள் என்று சில வரிகளில் காலின்ஸ் முடித்துவிட்டார். அந்த மெல்ல மெல்லவைத்தானே நாம் படிக்கக் காத்திருந்தோம்!

கேள்வி: எல்லாரும் பீட்டா, பீட்டா என்கிறார்கள். வருஷக்கணக்கில் அவளோடு காட்டில் அலைந்தவன் கேல். அவள் விளையாட்டுக்குப் போனபோது அவள் குடும்பத்துக்குச் சோறு போட்டவன் கேல். கடைசியில் அவனுக்கு ஒரு வரியில் ‘வேறு மாவட்டத்தில் நல்ல வேலை’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். நியாயமா?
– பொறியியல் பட்டதாரி, கோவை

பதில்: அந்த ஒரு வரி எனக்கும் உறுத்தியது. ஆனால் அவள் அவனைவிட்டு விலகுவதற்குக் காரணம் பீட்டா இல்லை, ஒரு வெடிகுண்டு.

மூன்றாம் பாகத்தில் கேல், கேப்பிட்டலை எதிர்க்கும் கிளர்ச்சிப் படைக்கு ஆயுதம் வடிவமைக்கிறான். வேட்டைக்காரன் மூளை அல்லவா, பொறி வைக்கத் தெரியும். முதலில் ஒரு குண்டு வெடிக்கும், அடிபட்டவர்களைக் காப்பாற்ற ஆட்கள் ஓடி வரும் அளவுக்கு இடைவெளி விட்டு இரண்டாவது வெடிக்கும். மனிதனின் இரக்கத்தைத் தூண்டிலில் மாட்டுகிற யோசனை. காட்னிஸுக்கு வயிற்றைப் பிசைகிறது. எதிரி இதே விதிப்படித்தானே ஆடுகிறான் என்பது கேலின் பதில். 18 வயதில் சுரங்கத்துக்குப் போனவன், தன் ஊரையே தீயில் இழந்தவன், அவனுடைய கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எதிரியின் மேல் அவனுக்கு இருக்கும் வெறுப்பு முழுக்க நியாயமானது, அதனால்தான் அவன் கதை இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் நடப்பது தெரியும். அதிபர் ஸ்னோவின் மாளிகைக்கு முன்னால் அடைத்து வைக்கப்பட்ட கேப்பிட்டல் குழந்தைகள் மேல் வெள்ளிப் பாராசூட்டுகள் இறங்குகின்றன. சூப் வந்ததே, அதே பாராசூட். உணவு என்று நினைத்துக் குழந்தைகள் கையில் எடுக்கிறார்கள், வெடிக்கிறது. மருத்துவ உதவியாளர்கள் ஓடி வருகிறார்கள், அவர்களில் ஒருத்தி பிரிம். மிச்சமிருந்தவை வெடிக்கின்றன. அது தன் குண்டுதானா என்று கேலுக்கே தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் அவர்களுக்கு நடுவில் கடைசிவரை நிற்கிறது. எந்தத் தங்கைக்காக இந்தக் கதையே தொடங்கியதோ அந்தத் தங்கை. இதற்குப் பிறகு அவன் வாசலில் வந்து நின்றால் அவளால் என்ன சொல்ல முடியும்?

எவன் இல்லாமல் தன்னால் பிழைக்க முடியாதோ அவனைத்தான் காட்னிஸ் தேர்ந்தெடுப்பாள் என்று கேல் பீட்டாவிடம் சொல்வதை அவள் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டே கேட்பாள். அவளுக்கு அது அவமானமாக இருக்கும். கேல் அவளைக் கணக்குப் பார்க்கிறவளாகவே கடைசிவரை பார்த்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் பக்கம் நிற்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஸ்கூல் லைப்ரரியிலிருந்து இதை எடுத்து வந்திருக்கிறாள். பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்கிற கதையாமே! பிடுங்கி வைத்துவிடட்டுமா?
– ஒரு அம்மா, கரூர்

பதில்: வேண்டாம், பிடுங்கினால் போனில் படிப்பாள். உங்கள் கவலை ஒன்றும் புதிதில்லை. 2010, 2011 இரண்டு வருஷமும், நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிக எதிர்ப்பு வந்த பத்துப் புத்தகங்களின் பட்டியலில் அமெரிக்க நூலகச் சங்கம் இதைச் சேர்த்திருந்தது.

கொலைகள் இருக்கின்றன, சில கொடூரமாகவே இருக்கின்றன. ஆனால் எதையும் ரசித்துச் சொல்லவில்லை. காட்னிஸோடு கூட்டுச் சேரும் 12 வயதுக் குழந்தை ரூ சாகும் இடத்தில் அவள் பூக்களைப் பறித்து வந்து உடலைச் சுற்றி வைப்பாள், இந்தச் சாவு யாருடைய பொழுதுபோக்கும் இல்லை என்று கேப்பிட்டலுக்குக் காட்டுவதற்காக. உங்கள் மகள் அங்கே அழுவாள், அழட்டும். முதல் பாகத்தை 13 வயதில் தாராளமாகப் படிக்கலாம் என்பது என் கருத்து. மூன்றாம் பாகம் வேறு மாதிரி: சித்திரவதை, குண்டுவீச்சு, மனம் உடைந்து அலமாரிக்குள் ஒளிந்துகொள்ளும் கதாநாயகி. அதற்கு ஒன்றிரண்டு வருஷம் பொறுக்கலாம். முடிந்தால் நீங்களும் படியுங்கள். மகளுக்காகச் சொல்லவில்லை, வீட்டுக்காகத் தன்னை விற்றுக்கொள்ளும் மூத்த பெண்களின் கதை உங்களுக்குத்தான் அவளைவிட நன்றாகப் புரியும்.

கேள்வி: இது ஜப்பானிய ‘பேட்டில் ராயல்’ நாவலின் காப்பி என்கிறார்களே?
– வாசகர், வேலூர்

பதில்: அது 1999இல் வந்தது, இது 2008இல். பள்ளிப் பிள்ளைகளை ஒரு தீவில் விட்டுக் கொல்லச் சொல்வது அதன் கதை, ஒற்றுமை இருக்கிறது, மறுக்க முடியாது. தன் புத்தகத்தை எழுதிக் கொடுக்கும்வரை அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். ஏதென்ஸ் நகரம் தன் பிள்ளைகளை மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கனுக்குப் பலியாக அனுப்பும் கிரேக்கப் புராணமும், ஒரு ராத்திரி சானல் மாற்றும்போது ரியாலிட்டி ஷோவும் இராக் போர்க் காட்சிகளும் கண்ணில் கலந்து தெரிந்ததும்தான் தொடக்கம் என்பது அவர் சொல்லும் கதை. அவருடைய அப்பா வியட்நாம் போருக்குப் போய் வந்த விமானப்படைக்காரர். போர் எப்படி வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஜப்பானிய நாவலில் இல்லாதது, நான் மேலே சொன்ன சோபா.

கேள்வி: டீனேஜ் காதல், முக்கோணம், அழுகை. இதற்கு இவ்வளவு பக்கம் வீணடிக்கலாமா? உலகத்துக்கு இதனால் என்ன பயன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகங்கை

பதில்: ஐயா, தாய்லாந்தில் 2014 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தெருவில் இறங்கியவர்கள் மூன்று விரலை உயர்த்தி நின்றார்கள். இந்தக் கதையில், தங்கைக்காகப் போகும் காட்னிஸுக்குக் கைதட்ட மறுத்து ஊர் ஜனம் காட்டும் சைகை அது, நன்றிக்கும் பிரியாவிடைக்கும் உரியது. அந்த ஆண்டு நவம்பரில் பிரதமர் பிரயுத் சான்-ஓச்சா பேசிய மேடைக்கு முன்னால் போய் விரலை உயர்த்திய மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அங்கேயும் அதே விரல்கள். ஐ.நா. பொதுச் சபையில் அந்த நாட்டின் தூதரே உயர்த்திக் காட்டினார். டீனேஜ் பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள் என்பதில் ராணுவங்களுக்கு இருக்கிற அக்கறை நமக்கு இல்லை.

கேள்வி: 2012இல் வந்த படத்தை மட்டும் பார்த்தேன். போதாதா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: போதாது. காட்னிஸாக நடித்த ஜெனிஃபர் லாரன்ஸ் பிரமாதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாவல் முழுக்க காட்னிஸின் தலைக்குள் நடக்கிறது, படம் வெளியே நின்று பார்க்கிறது. படத்தில் சூப்போடு ஹேமிட்ச் ஒரு சீட்டு அனுப்புவார், இதெல்லாம் ஒரு முத்தமா என்று கேட்டு. தியேட்டரில் சிரிப்பு வரும். புத்தகத்தில் சீட்டு கிடையாது, அவளாகவே புரிந்துகொள்கிறாள், அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாவலில் பீட்டா ஒரு காலை இழக்கிறான், படத்தில் இரண்டு காலோடும் ஊர் திரும்புகிறான். காதல் ஜோடியின் போஸ்டருக்கு அதுதான் வசதி போலிருக்கிறது.

கேள்வி: மூன்று பாகமும் முடித்துவிட்டேன். அடுத்து வந்தவற்றையும் படிக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: படிக்கலாம், வெளிவந்த வரிசையிலேயே. 2020இல் வந்தது, பிற்காலத்தில் அதிபராகும் ஸ்னோ 18 வயதுப் பையனாக இருந்தபோது நடக்கும் கதை. தான் வழிகாட்டியாக இருக்க வேண்டிய 12ஆவது மாவட்டப் பெண் மேலேயே அவனுக்குக் காதல் வருகிறது. அவன் அதைக் காதல் என்றுதான் நம்புகிறான், படிக்கிற நமக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமாக முதுகு சில்லிடும். 2025இல் வந்தது ஹேமிட்சின் கதை, அந்த வருஷம் வழக்கத்துக்கு இரண்டு மடங்காக 48 பிள்ளைகள். அந்த மனிதர் ஏன் அப்படிக் குடிக்கிறார் என்பது அதில் இருக்கிறது. திருநெல்வேலி மாணவிக்கும் சேர்த்துச் சொல்கிறேன், 2020 புத்தகத்தைத் தோழியிடம் கொடுக்கும்போது லவ் ஸ்டோரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.